பன்னிரண்டு மாடி வரட்டும், பூங்கா எங்கே? (வாசகர் கேள்வி பதில்)

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நாகர்கோவிலைப் பற்றித்தான். ஊருக்குள் அடுக்குமாடி வருகிறது, வரப்போகிறது என்று பேச்சு அடிபடுகிறது, விளையை (வீட்டைச் சுற்றிய தோட்ட நிலத்தை) பில்டரிடம் கொடுக்கலாமா வேண்டாமா, சாயங்காலம் நடக்க ஒரு இடம் இல்லையே என்று ஆளுக்கொரு கவலை. அதனால் மற்ற கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொண்டேன். முப்பது வருடம் கட்டிட வேலையில் மேற்பார்வை பார்த்தவன் என்பதால் எனக்கும் இதில் சொல்ல நிறைய இருக்கிறது.

எங்கள் தெருமுனையில் பன்னிரண்டு மாடி வரப்போகிறது என்கிறார்கள். கேட்டதிலிருந்து மனசு சரியில்லை. மணிமேடை மணிக்கூண்டின் உயரமே போதும் என்று இருந்த ஊர் அண்ணாச்சி இது. நமக்கு இதெல்லாம் தேவையா?
(வடசேரியிலிருந்து ஒரு வாசகர்)

தேவை என்றுதான் நான் நினைக்கிறேன். உங்களுக்கு வருத்தமாக இருக்கும், ஆனாலும் காரணத்தைக் கேளுங்கள்.

2011 கணக்கெடுப்பில் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் 18,70,374 பேர். பரப்பு 1,684 சதுர கிலோமீட்டர். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர் வருகிறது, தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்த நெரிசல் நம்முடையதுதான். இதில் மலையும் காடும் பெரிய பங்கை எடுத்துக்கொள்கின்றன, அங்கே யாரும் வீடு கட்ட முடியாது, கட்டவும் கூடாது. மிச்சம் இருக்கிற நிலத்தில்தான் நாம் எல்லோரும், நம் வயலும், குளமும், தென்னையும், ரப்பரும். நாம் வாழ்கிற விதத்தையும் பாருங்கள். வீடு என்றால் தனி வீடு, சுற்றி விளை, விளைக்குள் ஒரு கிணறு, மூத்தவனுக்கு ஒரு வீடு, இளையவனுக்குப் பின்னால் ஒரு வீடு. களியக்காவிளையில் பஸ் ஏறினால் நாகர்கோவில் வரைக்கும் இது எந்த ஊர், அடுத்தது எந்த ஊர் என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி வீடுகள். இப்படியே பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தால் நாஞ்சில் நாட்டு வயல் என்று காட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. நூறு குடும்பம் தனித்தனியாக ஐந்தைந்து சென்ட் எடுத்தால் ஐந்து ஏக்கர், வழிக்கு விடுவது தனி. அதே நூறு குடும்பம் மேல்நோக்கிப் போனால் ஒரு ஏக்கர், ஒன்றேகால் ஏக்கரில் முடிந்துவிடும்.

ஆனால் அப்படி மிச்சமான நாலு ஏக்கர் மிச்சமாகவே இருக்க வேண்டும். என் கவலை எல்லாம் அங்கேதான். ஊருக்கு நடுவில் பன்னிரண்டு மாடியும் கட்டி, ஊருக்கு வெளியே வயலையும் மண்ணடித்து மனை போட்டால், உயரம் கட்டி என்ன பிரயோஜனம்? இந்தப் பதில்கள் முழுக்க நான் திரும்பத் திரும்ப இதையேதான் கேட்கப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் தெருவுக்கு வருவோம். 2019ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டிட விதிகளின்படி 18.30 மீட்டர், அதாவது 60 அடிக்கு மேல் போனால்தான் உயர்மாடிக் கட்டிடம் என்று கணக்கு. கீழே வண்டி நிறுத்தத் தூண் தளம், மேலே ஐந்து மாடி, இதற்கு மேல் போனால் உயர்மாடி என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் போகிற சாலை குறைந்தது 12 மீட்டர் அகலம் இருக்க வேண்டும், கட்டிடத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 7 மீட்டர் காலியாக விட வேண்டும், உயரம் கூடக்கூட அந்த இடைவெளியும் கூடும். தீயணைப்பு வண்டி சுற்றி வரவேண்டுமே, அதற்காக. அதனால் தூக்கம் கெடுவதற்கு முன்னால் ஒரு டேப் எடுத்துக்கொண்டு தெருவை அளந்து பாருங்கள். வடசேரியிலும் கோட்டாறிலும் பழைய தெருக்கள் பலவும் 40 அடி வராது. வராத தெருவில் பன்னிரண்டு மாடி என்பது வெறும் டீக்கடைப் பேச்சாகத்தான் இருக்கும். 40 அடி இருக்கிறது, ப்ளானும் போட்டிருக்கிறார்கள் என்றால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. குடிதண்ணீர் எங்கிருந்து, கழிவுநீர் எங்கே போகிறது, மழைவெள்ளம் எந்த ஓடை வழியாக இறங்குகிறது. நூறு வீட்டின் கழிவுநீரை செப்டிக் டேங்க் தாங்காது, உள்ளேயே சுத்திகரிப்பு நிலையம் வேண்டும். அது ப்ளானில் மட்டும் இருக்கிறதா, ஓடப்போகிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

டாக்டர் தினமும் நாற்பது நிமிடம் நடக்கச் சொல்லிவிட்டார். எங்கே நடக்க? வேப்பமூடு பூங்காவுக்குப் போகலாம் என்றால் அங்கே போய்ச் சேர்வதற்குள் இரண்டு பஸ்ஸும் நாலு ஆட்டோவும் இடிக்கப் பார்க்கிறது. எங்கள் பக்கம் புதிதாக எவ்வளவோ வீடுகள் வந்தாச்சு, ஒரு பூங்கா வரவில்லை. பூங்கா கட்டுவது யார் பொறுப்பு?
(பார்வதிபுரத்திலிருந்து ஒரு வாசகி)

அம்மா, இந்தக் கேள்விக்காகவே இந்த இதழை ஒதுக்கலாம்.

பூங்காவுக்கான இடம் வானத்திலிருந்து விழுவதில்லை, மாநகராட்சி காசு கொடுத்து வாங்குவதும் அபூர்வம். புதிதாக மனை போடுகிறவரும், பெரிய கட்டிடம் கட்டுகிறவரும் தங்கள் நிலத்தில் ஒரு பகுதியைப் பொதுவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், அப்படித்தான் பூங்காக்கள் பிறக்கின்றன. திறந்தவெளி ஒதுக்கீடு என்று பெயர், அலுவலகத்தில் ஓஎஸ்ஆர் என்பார்கள். விதி என்னவென்றால், நிலம் 3,000 சதுர மீட்டருக்குள் இருந்தால் ஒன்றும் கொடுக்க வேண்டாம். 3,000க்கு மேல் 10,000 வரை என்றால், சாலை போக மீதியில் 10 சதவீதம் கொடுக்க வேண்டும், அல்லது அதற்கு வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டிவிடலாம். 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் பணம் கட்டித் தப்பிக்க முடியாது, 10 சதவீத நிலத்தைப் பத்திரம் போட்டு உள்ளாட்சிக்குத் தானமாகக் கொடுத்தே ஆக வேண்டும்.

நம் கணக்கில் சொன்னால் 3,000 சதுர மீட்டர் என்பது சுமார் 74 சென்ட். 10,000 என்பது இரண்டரை ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. இங்கேதான் நம் மாவட்டத்தின் கதை இருக்கிறது. பாகம் பிரித்துப் பிரித்து நம் ஊரில் நிலமெல்லாம் 20 சென்ட், 40 சென்ட், 60 சென்ட் துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு சின்ன அடுக்குமாடியோ எட்டு மனையோ வருகிறது. யாரும் விதியை மீறவில்லை, யாரும் ஒரு சென்ட் பூங்காவுக்குக் கொடுக்கவும் இல்லை. பத்து வருடத்தில் பார்த்தால் ஒரு பகுதி முழுக்க வீடு, ஒரு பிள்ளை பந்து விளையாட இடம் இல்லை. கோயம்புத்தூரிலும் சென்னையிலும் பெரிய பெரிய நிலமாக வளர்ந்ததால் அங்கே கொஞ்சமாவது கிடைத்தது. நமக்கு அந்த வழியில் கிடைக்கப்போவது குறைவு என்பதை ஒத்துக்கொண்டுதான் யோசிக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் இரண்டு வழி. ஒன்று, ஏற்கெனவே தானமாகக் கொடுத்த இடங்களைக் கண்டுபிடிப்பது. உங்கள் பக்கம் கடந்த இருபது வருடத்தில் வந்த அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவுகளில் பூங்கா இடம் எது எது, அதில் எத்தனைக்குத் தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறது என்று 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் மாநகராட்சிக்கு ஒரு மனு போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். பட்டியல் கையில் வந்ததும் நேரில் போய்ப் பாருங்கள். நான் அப்படிப் போய்ப் பார்த்த ஒரு இடத்தில் பூங்கா என்று காகிதத்தில் இருந்தது, தரையில் ஒருவருடைய மாட்டுத் தொழுவம் இருந்தது. இன்னொரு இடத்தில் அடுக்குமாடிக்காரர்கள் சுவர் எழுப்பித் தங்களுக்கு மட்டும் என்று பூட்டிவைத்திருந்தார்கள். தானமாகக் கொடுத்த இடம் ஊருக்குச் சொந்தம், வாட்ச்மேன் உங்களைத் தடுக்க முடியாது. இரண்டாவது வழி, பணமாகக் கட்டிய ஒதுக்கீட்டுத் தொகை எவ்வளவு வந்தது, எங்கே செலவானது என்று அதே மனுவில் கேளுங்கள். உங்கள் வார்டு உறுப்பினர் மன்றக் கூட்டத்தில் இந்தக் கேள்வியை எழுப்பினால் இன்னும் நல்லது. 52 வார்டு இருக்கிற ஊரில் வார்டுக்கு 30 சென்ட் பூங்கா என்று கேட்பது பேராசை இல்லை.

பூங்கா என்றதும் நீரூற்று, டைனோசர் பொம்மை, செல்ஃபி மேடை என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாலு வேப்பமரம், இரண்டு புங்கமரம், மண்பாதை, உட்கார பெஞ்சு, சுத்தமான கழிப்பறை, ராத்திரி எட்டு மணி வரை விளக்கு, அவ்வளவுதான். உங்களைப் போன்றவர்கள் பயமில்லாமல் நடக்க விளக்கும் கழிப்பறையும்தான் முக்கியம், அதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.

என் மகன் கனடாவில் டொராண்டோவில் காண்டோ வாங்கியிருக்கிறான். முப்பதாவது மாடி. மாதாமாதம் பராமரிப்புக்கே பெரிய தொகை போகிறது என்று புலம்புகிறான். காண்டோ என்றால் நம் ஊர் ஃபிளாட்தானே?
(மார்த்தாண்டத்திலிருந்து ஒரு அப்பா)

ஏறக்குறைய அதேதான். உள்ளே இருக்கிற வீடு உங்கள் மகனுக்கு, லிஃப்ட், மாடிப்படி, கூரை, நிலம் எல்லாம் எல்லாருக்கும் சேர்த்து. ஆனால் அவர்கள் செய்கிற ஒரு காரியத்தை நாம் செய்வதில்லை. ஒன்டாரியோ மாகாணத்தின் 1998ம் வருடச் சட்டப்படி ஒவ்வொரு காண்டோ சங்கமும் ஒரு சேமநிதி வைக்க வேண்டும், கூரை எப்போது மாற்ற வேண்டி வரும், லிஃப்ட் எத்தனை வருடம் ஓடும், அதற்கு எவ்வளவு ஆகும் என்று நிபுணரை வைத்து ஆய்வு செய்து அதற்கேற்ப மாதாமாதம் பணம் ஒதுக்க வேண்டும். மகன் புலம்புகிற தொகையில் ஒரு பகுதி அந்த நிதிக்குத்தான் போகிறது. போகட்டும், நல்லது.

நம் ஊரில் மாதம் ஆயிரம் ரூபாய் பராமரிப்பு என்றாலே சண்டை. வாட்ச்மேன் சம்பளம், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு பல்பு, அத்தோடு சரி. பதினைந்தாவது வருடம் மொட்டைமாடி ஒழுகும்போது வீட்டுக்கு ஒரு லட்சம் கேட்டால் பாதிப் பேர் வெளிநாட்டில் இருப்பார்கள். உங்கள் மகனிடம் அவர்களுடைய சங்க விதியை ஒரு நகல் அனுப்பச் சொல்லுங்கள், இங்கே ஃபிளாட் சங்கம் நடத்துகிறவர்கள் படித்தால் பிரயோஜனம் இருக்கும். அங்கேயும் புதிய கட்டிடம் வந்தால் பூங்காவுக்கு நிலமோ பணமோ வாங்க உள்ளாட்சிக்கு அதிகாரம் உண்டு, வீடுகள் என்றால் நிலத்தில் 5 சதவீதம், கடை, தொழிற்சாலை என்றால் 2 சதவீதம் என்பது அவர்களின் அடிப்படைக் கணக்கு. நம் சட்டத்தில் இருக்கிற 10 சதவீதம் அதைவிட அதிகம். சட்டம் நம்மிடம் நன்றாகவே இருக்கிறது.

கடல் தெரிகிற மாதிரி ஒரு ஃபிளாட் விலைக்கு வருகிறது. முட்டம் பக்கம். ஓய்வுபெற்ற பிறகு அங்கே போய் இருக்கலாம் என்று எங்களுக்கு ஆசை. வாங்கலாமா?
(திருநெல்வேலியிலிருந்து ஒரு தம்பதி)

ஆசை நியாயமானது, முட்டத்தில் சூரியன் இறங்குவதை ஒருமுறை பார்த்தவர்களுக்குப் புரியும். ஆனால் உப்புக்காற்றைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் தப்பு செய்தவனாவேன்.

கான்கிரீட்டுக்குள் இருக்கிற கம்பிக்கு எதிரி உப்புதான். உப்பு மெல்ல உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடித்தால், துரு கம்பியைவிட அதிக இடம் கேட்கும், உள்ளிருந்தே கான்கிரீட்டை உடைத்துக்கொண்டு வரும். கடலோரத்தில் சன்ஷேடு அடிப்பக்கம் உதிர்ந்து கம்பி தெரிகிற வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். இந்தியத் தரநிலை 456ன்படி கடலோரச் சூழலில் கான்கிரீட் குறைந்தது எம்30 தரத்தில் இருக்க வேண்டும், கம்பிக்கு மேலே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். அலைத்திவலை நேரே தெறிக்கிற இடம் என்றால் எம்35, 50 மில்லிமீட்டர். உள்நாட்டில் வீடு கட்டுகிற மேஸ்திரி பழக்கத்தில் எம்20ம் 25 மில்லிமீட்டருமாகப் போட்டுவிட்டுப் போவார். அதனால் பில்டரிடம் கடல் எந்தப் பக்கம் தெரியும் என்று கேட்பதற்கு முன்னால் கான்கிரீட் தரம் என்ன, சோதனை அறிக்கை எங்கே, தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து எடுத்தீர்கள் என்று கேளுங்கள். உப்புக் கிணற்றுத் தண்ணீரில் கலந்திருந்தால் வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

அமெரிக்காவில் ஃபுளோரிடா கடற்கரையில் சர்ஃப்சைடு என்ற ஊரில் 12 மாடிக் குடியிருப்பு ஒன்று 2021 ஜூன் 24 அன்று நடுராத்திரி தாண்டி இடிந்து விழுந்தது. 98 பேர் இறந்தார்கள். 1981ல் கட்டியது. கான்கிரீட் சேதமாகிக் கிடக்கிறது என்று 2018லேயே ஒரு பொறியாளர் எழுதிக் கொடுத்திருந்தார், பழுது பார்க்கிற செலவைப் பற்றிப் பேசிப் பேசியே காலம் போய்விட்டது. மேலே டொராண்டோ சேமநிதியைப் பற்றி அவ்வளவு சொன்னேனே, இதனால்தான். நம்மிடமும் 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடி விழுந்து 61 பேர் போனார்கள். அதில் பலர் அன்றாடக் கூலிக்கு வந்தவர்கள்.

கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அனுமதி இருக்கிறதா என்பதையும் பாருங்கள், அலை ஏறும் கோட்டிலிருந்து எத்தனை மீட்டர் என்பதற்கு வரைபடம் உண்டு. 2004 சுனாமியில் மணக்குடிப் பாலமே போனதைப் பார்த்தவர்கள் நாங்கள்.

இருபத்திரண்டு சென்ட் பூர்வீக விளை, நடுவில் ஓட்டு வீடு. ஜாயின்ட் வென்ச்சர் என்று ஒருவர் வருகிறார், பாதி ஃபிளாட் உங்களுக்கு என்கிறார். பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாமா?
(இராமவர்மபுரத்திலிருந்து ஒரு வாசகர்)

உடனே போடாதீர்கள். என் உறவுக்காரர் ஒருவர் இதே மாதிரி முழு அதிகாரமும் எழுதிக் கொடுத்துவிட்டு நாலு வருடம் வாடகை வீட்டில் இருந்தார், பாதி எழும்பிய தூண்களைத் தினமும் பஸ்ஸிலிருந்து பார்த்துக்கொண்டே வேலைக்குப் போவார். உங்கள் பங்கு எந்த மாடி, எந்த எண் வீடு என்று ப்ளானோடு பத்திரத்தில் வர வேண்டும். எப்போது முடிப்பார், முடிக்காவிட்டால் மாத வாடகை அவர் தருவாரா என்பது வர வேண்டும். விற்கும் அதிகாரம் அவருடைய பங்குக்கு மட்டும்தான், அதுவும் கட்டிடம் வளரவளரப் படிப்படியாக. இரண்டு வக்கீலிடம் காட்டுங்கள், அவர் கூட்டிவருகிற வக்கீலிடம் வேண்டாம்.

வாங்குகிறவர்களுக்கும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல், வீடும் எட்டுக்கு மேல் என்றால் 2016ம் வருட ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி ரெரா பதிவு கட்டாயம். உங்கள் 22 சென்ட் சுமார் 890 சதுர மீட்டர், ஆகவே எட்டு வீட்டுக்கு மேல் கட்டினால் உங்களுடையதற்கும் வேண்டும். ஒப்பந்தப் பத்திரம் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது, வாங்கிய பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும், ஒப்படைத்து ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறை வந்தால் பில்டர் செலவில் சரிசெய்ய வேண்டும். அப்புறம் நிலத்தில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேளுங்கள். 30 சென்டில் 24 வீடு என்றால் ஒரு வீட்டுக்கு ஒன்றேகால் சென்ட் வர வேண்டும். முக்கால் சென்ட் எழுதியிருந்தால் மிச்சம் யார் பெயரில் என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

ஃபிளாட்டுக்கு வரச் சொல்லி மகள் கூப்பிடுகிறாள். நான் ஒக்கி புயலில் பதினைந்து நாள் கரண்ட் இல்லாமல் இருந்தவள். கிணறு இருந்ததால் பிழைத்தோம். எட்டாவது மாடியில் கரண்ட் போனால் என்ன செய்வது? இன்னொன்றும் கேட்க வேண்டும், தப்பாக நினைக்காதே தம்பி. அங்கே ஒரு சாவு விழுந்தால் பந்தல் எங்கே போடுவார்கள்?
(திங்கள்சந்தையிலிருந்து ஓர் அம்மா)

தப்பாக நினைக்க ஒன்றும் இல்லை அம்மா. ப்ளான் வரைகிறவர்கள் யாரும் கேட்காத கேள்வியை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி அடித்தபோது ரப்பரும் வாழையும் தென்னையும் விழுந்ததோடு கரண்ட் கம்பமும் வரிசையாக விழுந்தது, பல ஊர்களில் நாட்கணக்கில் இருட்டு. அடுக்குமாடியில் கரண்ட் இல்லை என்றால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லை என்றால் கழிவறைக்குத் தண்ணீர் இல்லை, லிஃப்ட் இல்லை என்றால் உங்கள் வயதில் கீழே இறங்கவும் வழி இல்லை. ஜெனரேட்டர் இருக்கிறது என்று எல்லாரும் சொல்வார்கள். எத்தனை மணி நேரத்துக்கு டீசல் வைத்திருக்கிறீர்கள், லிஃப்டும் மோட்டாரும் அதில் ஓடுமா, இல்லை படிக்கட்டு விளக்கு மட்டுமா என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். வளாகத்தில் மூடாத கிணறு ஒன்று இருந்தால் அந்தக் கட்டிடத்துக்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன். முதல் மாடியோ இரண்டாவது மாடியோ கிடைத்தால் அதையே எடுங்கள், காற்றுக்காக எட்டாவது மாடிக்குப் போக வேண்டாம்.

பந்தலைப் பற்றி. என் நண்பர் ஒருவர் ஃபிளாட்டில் தவறியபோது உடலை லிஃப்டில் கிடத்தி இறக்க முடியவில்லை, நாற்காலியில் உட்காரவைத்து இறக்கினோம். அதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில், இரண்டு காருக்கு நடுவில் கிடத்தி, வந்தவர்கள் எல்லாம் ரோட்டில் நின்றார்கள். ஸ்ட்ரெச்சர் நுழைகிற அளவுக்கு ஒரு லிஃப்டும், ஐம்பது பேர் உட்காரத் தரைத்தளத்தில் ஒரு கூடமும் இருக்க வேண்டும். கல்யாணமும் காதுகுத்தும் அதே கூடத்தில் நடக்கட்டும். வீடு வாங்கப் போகிறவர்கள் ஜிம் இருக்கிறதா, நீச்சல்குளம் இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கேட்டால் பில்டர்கள் தானாகச் செய்வார்கள்.

குளக்கரையைச் சுற்றி டைல்ஸ் போட்டு, சுவர் எழுப்பி, விளக்கு வைத்துப் பூங்கா ஆக்கினால் ஆக்கிரமிப்பும் நிற்கும், நடக்கவும் இடம் கிடைக்குமே. ஏன் எதிர்க்கிறார்கள்?
(தக்கலையிலிருந்து ஒரு வாசகர்)

உங்கள் எண்ணம் நல்லது, பாதிக்கு நானும் உங்கள் கட்சி. ஆள் நடமாட்டம் இருக்கிற குளத்தில் குப்பை கொட்டக் கூச்சப்படுவார்கள், அது உண்மை. ஆனால் குளம் என்பது தண்ணீர் நிற்கிற பள்ளம் மட்டும் இல்லை. வரத்துக்கால், மடை, உபரித் தண்ணீர் வெளியேறுகிற மறுகால், கரை, கரைக்குக் கீழே ஏலா என்கிற வயல்வெளி, எல்லாம் சேர்ந்ததுதான் குளம். நம் குளங்கள் ஒன்றுக்கொன்று சங்கிலி மாதிரி, மேல்குளம் மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க்குளத்துக்கு வெள்ளம் வரும். (எங்கள் மேற்குப் பக்கம் குடிக்கிற தண்ணீரையும் வெள்ளம் என்றுதான் சொல்வோம், மழைவெள்ளத்தையும் வெள்ளம் என்போம். இரண்டும் ஒன்றுதான் என்று பழைய ஆட்களுக்குத் தெரிந்திருந்தது.) சுற்றிலும் கான்கிரீட் சுவர் எழுப்பினால் ஓடைத் தண்ணீர் உள்ளே இறங்காது, சரிவான மண்கரை போனால் நீர்க்கோழிக்கு முட்டையிட நாணல் இருக்காது. பாதை போடுகிற சாக்கில் குளத்தின் விரிவில் இருபதடி உள்ளே வந்துவிடுவார்கள், அப்படிச் சுருங்கியதை யாரும் திரும்பத் தோண்டுவதில்லை.

2021 நவம்பர் மழையில் பழையாறு கரை மீறி ஒழுகினசேரி, சுசீந்திரம் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றது நினைவிருக்கும். அவ்வளவு தண்ணீரும் முன்பெல்லாம் குளத்திலும் வயலிலும் தங்கித் தங்கிப் போனது. நான் அந்த வாரம் இடுப்பளவு தண்ணீரில் ஒரு தரைத்தள வீட்டுக்குள் போய் வந்தேன். வீட்டுக்காரர் சொன்னார், மனை வாங்கும்போது இங்கே ஒரு ஓடை இருந்தது என்று யாரும் சொல்லவில்லை என்று.

ஆகவே கரையை மண்ணாகவே பலப்படுத்துங்கள், ஒரு பக்கம் மட்டும் மண்பாதை போடுங்கள், மறுகாலைத் தொடாதீர்கள், பறவை அடைகிற பக்கம் விளக்கு வேண்டாம். சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன, உலக அளவில் காக்க வேண்டிய ஈரநிலம் என்று அர்த்தம். நம் மாவட்டத்துக்கு இதைவிடப் பெரிய பூங்காவை எந்தப் பில்டரும் கட்டித்தர முடியாது.

வயலில் மனை போட்டு சென்ட் மலிவாகத் தருகிறார்கள். பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறதாம்.
(பூதப்பாண்டி)

வேண்டாம். நஞ்சையை மனையாக மாற்ற மாவட்ட ஆட்சியர் வரை போக வேண்டும். பஞ்சாயத்து ரசீது அங்கீகாரம் ஆகாது, நகர் ஊரமைப்புத் துறை அங்கீகாரம் இல்லாத மனையைப் பத்திரம் பதியவும் மாட்டார்கள். மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் அதுதான்.

நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு சின்னக் குளத்தில் ராத்திரி லாரியில் மண் கொட்டுகிறார்கள். அப்பா, உனக்கு எதுக்கு வம்பு என்கிறார். நான் என்ன செய்யலாம் மாமா?
(சுசீந்திரம்)

அப்பா சொல்வதிலும் அர்த்தம் இருக்கிறது மக்களே, ராத்திரி லாரிக்கு முன்னால் போய் நிற்காதே. பகலில் செய்கிற வேலை இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் போய்க் குளத்தின் சர்வே எண் கேள், அந்த எண்ணை வைத்து 'அ' பதிவேடு என்கிற நிலப் பதிவேட்டில் அது குளம் புறம்போக்கு என்று இருக்கிறதா, எத்தனை ஹெக்டேர் என்று பார். வருவாய்த்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம், புல வரைபடமும் அங்கே கிடைக்கும். கரையில் ஒரே இடத்தில் நின்று வாரம் ஒரு படம் எடு, தேதி போட்டு வை. பெரியவர் யாராவது ஒருவரை, உன் ஆசிரியரோ பாட்டாவோ, கூட்டிக்கொண்டு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கிற மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடு, மனுவோடு படங்களையும் புல வரைபடத்தையும் இணை, ரசீது வாங்காமல் வராதே. மனுவின் நகலை எனக்கும் அனுப்பு, படங்களோடு அடுத்த இதழில் போடுகிறேன். உன் பெயரைப் போட மாட்டேன்.